பேர் சொல்லாத ஜெபம்

ஜெபத்தில் யார் பேரையும் சொல்லக் கூடாது என்று எங்கள் குழுவில் சட்டம் போட்டவள் நான். அந்தச் சட்டத்தை ஓர் எழுத்தும் மீறாமல் ஒரு பெண்ணைக் காட்டிக் கொடுத்தவளும் நான்தான். வேறு யாராவது சொல்லி நீங்கள் கேட்பதைவிட நானே சொல்லிவிடுகிறேன்.

எங்களுடையது தெக்கேமலை வீட்டுக் கூட்டம். பதினொரு வீடு. ரான்னியிலிருந்து பஸ் ஏறினால் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே முனகிக்கொண்டு வந்து, மேலே போய்த் திரும்புவதற்கு முன் கடைசியாக நிற்கும் இடம் இது. மற்ற இடங்களில் விளக்கு வைத்த பிறகு கூடுவார்கள். இங்கே இருட்டினால் காட்டுப்பன்றி இறங்கும் என்பதால் வெள்ளிக்கிழமை நாலு மணிக்கே கூடிவிடுவோம். வாரம் ஒரு வீடு. எந்த வாரம் யார் வீடு, எந்த வேதப்பகுதி என்று ஜனவரியிலேயே சர்ச்சில் அச்சடித்துக் கொடுத்துவிடுவார்கள். சாவு விழுந்தால் ஒழிய அது மாறாது. ஒரு பாட்டு, வேதவாசிப்பு, அதற்கு என் விளக்கம், ஆளுக்கொரு வார்த்தை, ஜெபக் குறிப்புகள், ஜெபம், அப்புறம் சாயாவும் ஏதாவது பலகாரமும். நான் போஸ்ட்டாபீஸிலிருந்து ஓய்வு பெற்ற அடுத்த மாதமே எங்கள் சர்ச் அச்சன் என்னைக் குழுத் தலைவியாக்கிவிட்டார். சும்மா விட்டால் கமிட்டிக்குள் நுழைந்து கணக்குக் கேட்பேன் என்ற பயம் அந்தப் பாதிரியாருக்கு இருந்திருக்கலாம்.

அந்தச் சட்டம் வந்தது வல்சம்மாவால். பால் சொசைட்டியில் அளக்கிறவள், நல்ல மனசு, ஓட்டை வாய். இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒரு வெள்ளிக்கிழமை கண்ணை மூடி உருகினாள். "கர்த்தாவே, பேபிச்சாயனோட மகன் ஷாஜியோட ஈரலைத் தொட்டு சுகமாக்கும். குடிச்சுக் குடிச்சு வீங்கிப்போய், கோட்டயத்துல மூணாவது மாடில படுத்திருக்கான்." பேபிச்சாயன் பக்கத்திலேயே முழங்கால் போட்டிருந்தார். அதுவரை மகனுக்கு மஞ்சள் காமாலை என்று ஊரை நம்பவைத்திருந்தவர். ஞாயிற்றுக்கிழமைக்குள் சர்ச் முழுக்கத் தெரிந்துவிட்டது. அவர் மூன்று வாரம் கூட்டத்துக்கு வரவில்லை.

அடுத்த வாரமே நான் எழுந்து நின்று சொன்னேன். "இனிமே யாரும் பேர் சொல்லி ஜெபிக்க வேண்டாம். எல்லார் வீட்டு அட்ரஸும் கர்த்தர்கிட்ட இருக்கு. நாம எழுதிக் கொடுக்கத் தேவையில்ல." அச்சன் இதைக் கேள்விப்பட்டு ஆராதனையில் பாராட்டினார். மற்ற குழுக்களும் இதையே பின்பற்றின. எனக்குத் தலைகால் புரியவில்லை.

சட்டம் போடாமலே இருக்கும் வழக்கம் இன்னொன்று உண்டு. ஜெபம் தொடங்கிவிட்டால் ஆமென் வரும்வரை யாரும் கண் திறக்க மாட்டார்கள், எழுந்திருக்க மாட்டார்கள், குறுக்கே பேச மாட்டார்கள். ஒரு தடவை வல்சம்மாவின் மாடு கயிற்றை அவிழ்த்துக்கொண்டு புதிதாக நட்ட வாழைக் கன்றுகளைத் தின்றது. அது மெல்லும் சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. ஒருவரும் அசையவில்லை. அன்று ஜெபித்தது நான் என்பதால் அது வயிறாரத் தின்றது.

முப்பத்திரண்டு வருஷம் இந்த ஊரின் தபாலெல்லாம் என் கையைத் தாண்டித்தான் போனது. யாருக்கு ஜப்தி நோட்டீஸ், யாருக்கு வக்கீல் கடிதம், எந்தப் பெண்ணுக்கு எந்தக் கையெழுத்தில் கவர் வருகிறது, எல்லாம் தெரியும். என் கட்டியவரிடம்கூட ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவர் சாகும்வரை அதில் அவருக்குக் குறைதான். இதனால்தான் ஜின்சி என்னைத் தேடி வந்தாள்.

ஜின்சி, எங்கள் குழுவில் எல்லோரும் சேடத்தி, அதாவது அக்கா, என்று கூப்பிடும் ஏலியாம்மாவின் மருமகள். கொல்லத்தில் நர்ஸாக வேலை பார்த்தவள். கட்டியவன் ஜோஜி பஹ்ரைனில். வருஷத்துக்கு முப்பது நாள் வருவான். கல்யாணமான ஆறாம் மாதம் மாமனார் ஈப்பச்சாயன் பக்கவாதத்தில் விழுந்தார். ஜின்சி வேலையை விட்டு வந்து அவரைப் பார்க்கத் தொடங்கி நாலு வருஷம் ஆகிறது. ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒரு கிண்ணம் பலாக்கொட்டையோடு என் வீட்டுக்கு வந்தாள். பலாக்கொட்டை சாக்கு என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. என் வீட்டுப் பலா அவர்கள் பலாவைவிடப் பெரிது.

"ஆன்ட்டி, ஒண்ணு சொல்லணும். யாருக்கும் தெரியக் கூடாது."

"சொல்லு மோளே. என் காதுல விழுந்தது வாய் வழியா வந்ததா சரித்திரமே இல்ல."

"வர்ற சனி இல்ல, அதுக்கடுத்த சனி எனக்குக் கொச்சியில இங்கிலீஷ் பரீட்சை. அது பாஸானா அயர்லாந்துல வேலை. என்கூடப் படிச்சவ அங்க இருக்கா. அவ ஆஸ்பத்திரியில இந்த மாசம்தான் ஆள் எடுக்கறாங்க."

"நல்ல காரியம்தானே. இதுல ஒளிக்க என்ன இருக்கு?"

"அசல் பாஸ்போர்ட் இல்லாம பரீட்சைக்கு உள்ள விடமாட்டாங்க. அது அம்மச்சியோட அலமாரில இருக்கு."

கல்யாணத்துக்குப் பிறகு விலாசம் மாற்றி எடுத்த பாஸ்போர்ட் அது. ஸ்பீட் போஸ்ட்டில் வந்திருக்கிறது. எனக்குப் பிறகு வந்த புது ஆள் அதைக் கொண்டுபோய் மாமியார் கையில் கொடுத்துவிட்டான். என் காலத்தில் இது நடக்காது. பாஸ்போர்ட் என்றால் உரியவர் கையில்தான் கொடுக்க வேண்டும். மாமியாராகட்டும், கட்டியவனாகட்டும், பிஷப்பே வரட்டும், கிடையாது. எனக்குச் சுறுசுறுவென்று ஏறியது.

"கேட்டியா?"

"ரெண்டு தடவை கேட்டேன். பத்திரமா இருக்கட்டும்னாங்க. ஜோஜிகிட்டச் சொன்னேன், அம்மச்சியக் கேளுங்கறார். அப்பச்சனுக்கு ஹோம் நர்ஸ் வைக்கலாம்னேன். நீ நர்ஸ்தானே, வீட்டுலயே இருக்கேங்கறார்." சிரித்தாள். கண் சிரிக்கவில்லை. "அம்மச்சி சாவியைத் தலையணை உறைக்குள்ள வைப்பாங்க. கிளம்பற அன்னைக்கு அவங்க குளிக்கப் போறப்ப எடுத்துக்குவேன். கூடப் படிச்சவளுக்குக் கல்யாணம்னு ஏற்கெனவே சொல்லி வெச்சிருக்கேன். எழுதிட்டு வந்து திரும்ப வெச்சுடுவேன். பாஸானா அப்பப் பேசிக்கலாம். இது திருட்டா ஆன்ட்டி?"

"உன் பொருளை நீ எடுக்கறது எந்த ஊர்ல திருட்டு?"

அவள் பலாக்கொட்டையை என் முறத்தில் கொட்டிவிட்டுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டாள். "எனக்கு முப்பத்தி மூணு வயசாகுது. இதை விட்டா அவ்வளவுதான். ஜெபிச்சுக்கோங்க ஆன்ட்டி. மனசுக்குள்ள போதும்."

ஜெபிச்சுக்கோங்க என்றது என் காதில் விழுந்தது. மற்றது விழவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை கூட்டம் பேபிச்சாயன் வீட்டில். ஜின்சி வரவில்லை, மாமனாரை விட்டுவிட்டு வர முடியாது. ஏலியாம்மா சேடத்தி வந்திருந்தார். வெள்ளைச் சட்டையும் முண்டும், முக்காடும், எழுபது வயதிலும் நிமிர்ந்த முதுகும். அச்சடித்த அட்டவணைப்படி அன்றைய பகுதி, பேதுருவைச் சிறையில் போட்டதும், தேவதூதன் வந்து எழுப்பியதும், நகர வாசலின் இரும்புக் கதவு தானாகத் திறந்ததும். எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நான் விளக்கிக்கொண்டே போனேன். எந்தக் கதவானாலும் திறக்கும் என்றேன். பேபிச்சாயன் "ஸ்தோத்திரம்" என்றார். வல்சம்மா உச்சுக் கொட்டினாள். அது எனக்கு நல்ல சாப்பாடு சாப்பிட்டதுபோல இருந்தது.

பிறகு முழங்காலில் நின்று ஜெபித்தேன்.

"கர்த்தாவே, அன்றைக்கு இரும்புக் கதவைத் திறந்தீர். இன்றைக்கும் எங்கள் நடுவில் ஒரு மகள் சிறையில் இருக்கிறாள். பேரை நான் சொல்லவில்லை. உமக்குத் தெரியும்."

அதோடு ஆமென் சொல்லியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. என் நாக்குக்குச் சூடு ஏறியிருந்தது.

"ஒரு நோயாளியைத் திருப்பித் திருப்பிப் படுக்கவைத்தே அவள் இளமை போகிறது. அவள் தூரதேசம் போக வேண்டிய தாள் ஓர் இரும்பு அலமாரிக்குள் பூட்டிக் கிடக்கிறது. அந்தப் பூட்டை நீர் திறந்தருளும். அடுத்த சனிக்கிழமைக்குள் திறந்தருளும்."

கடவுளுக்குத் தேதி வேறு கொடுத்தேன்.

நான் ஆமென் சொல்ல வாயெடுக்கும் முன்பே ஒரு ஆமென் கேட்டது. சத்தமாக, அழுத்தமாக. ஏலியாம்மா சேடத்தியின் குரல். கண்ணைத் திறந்தபோது அவர் முக்காட்டைச் சரிசெய்துகொண்டிருந்தார். "இன்னைக்கு ஜெபம் நல்லா இருந்துச்சு சோசாம்மா," என்றார். சாயா குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

"யாரு போஸ்ட்டம்மா அது?" என்று வல்சம்மா என் காதில் கேட்டாள். அவளுக்குத் தெரியாமல் இல்லை. என் வாயால் கேட்க ஆசை.

பேபிச்சாயன் பலாச்சக்கை அடையின் இலையைப் பிரித்துக்கொண்டே சொன்னார். "சோசாம்மா, நீ கவர்ல பேரு மட்டும்தான் எழுதல. வீட்டு நம்பர், பின்கோடு எல்லாம் எழுதிட்டே."

அவருக்கு அதைச் சொல்ல உரிமை இருந்தது. பதினொரு வீட்டில் படுத்த படுக்கையாக இருப்பது ஒரே ஒருவர். என் கையிலிருந்த அடை அப்படியே இருந்தது. போய் எல்லோரையும் மறுபடி முழங்காலில் நிறுத்தி, சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியுமா என்றுகூட யோசித்தேன். போட்ட கடிதத்தைப் பெட்டிக்குள் கைவிட்டு எடுக்க வந்த எத்தனையோ பேரை நானே விரட்டியிருக்கிறேன்.

ஞாயிறன்று ஜின்சி சர்ச்சுக்கு வரவில்லை. திங்கட்கிழமை காலை அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஏலியாம்மா சேடத்தி முற்றத்தில் குறுமிளகு காயவைத்துக்கொண்டிருந்தார்.

"வா சோசாம்மா. ஜெபத்துக்குப் பதில் வந்துச்சான்னு பாக்க வந்தியா?"

"சேடத்தி, தப்பு என்னோடது. அந்தப் பொண்ணுமேல கோபப்படாதீங்க."

"எனக்கு என்ன கோபம். சாவியை இடம் மாத்தினேன், அவ்வளவுதான்." கழுத்துச் சங்கிலியை வெளியே இழுத்துக் காட்டினார். சிலுவையோடு சாவியும் தொங்கியது. "ஜோஜிகிட்டயும் சொல்லிட்டேன். பரீட்சையும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்னுட்டான்."

"எழுதட்டுமே. எழுதினா அன்னைக்கே பறந்துடப் போறாளா?"

"என் மூணு பிள்ளைங்களும் இப்படித்தான் ஆரம்பிச்சாங்க. ஒரு பரீட்சை அம்மச்சி, ஒரு இண்டர்வியூ அம்மச்சி, ஒரே ஒரு வருஷம் அம்மச்சி. மூணு பாஸ்போர்ட்டும் உன் ஆபீஸுக்குத்தான் வந்துச்சு. நீதான் கையெழுத்து வாங்கிட்டுக் கொடுத்தே. ஒவ்வொரு தடவையும் நான் உனக்கு அவலோஸ் உருண்டை கொண்டு வந்து கொடுத்தேன், மறந்துட்டியா?"

மறக்கவில்லை. நல்ல உருண்டை.

"இவரை ரெண்டு மணிக்கொரு தடவை திருப்பிப் போடணும். இல்லேன்னா முதுகு அழுகிடும். எனக்கு இந்தத் தோள் தூக்க வராது. அவ போனா யாரு செய்வா? அதையும் கர்த்தர்கிட்டச் சொன்னியா, இல்ல அலமாரி மட்டும்தானா?"

அவர் கிளறிய மிளகையே மறுபடி மறுபடி கிளறிக்கொண்டிருந்தார். நான் வில்லியைப் பார்க்க வந்தேன், பயந்துபோன ஒரு கிழவியைப் பார்த்தேன். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

பின்பக்கம் துவைகல்லில் ஜின்சி மாமனாரின் விரிப்புகளை அலசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நிறுத்தவில்லை.

"மனசுக்குள்ள போதும்னு சொன்னேனே ஆன்ட்டி."

"உன் பேரைச் சொல்லலையே மோளே." இது என் வாயிலிருந்துதான் வந்தது. இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

"தெரியும். அம்மச்சியும் அதைத்தான் சொன்னாங்க. பேரைக்கூடச் சொல்லாம உன்னை வித்துட்டா பாருன்னு." விரிப்பைப் பிழிந்து உதறினாள். தண்ணீர் என் புடவையில் தெறித்தது. வேண்டுமென்று செய்யவில்லை.

மறுநாள் அச்சனிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் இளம்வயசுக்காரர், யாரையும் பகைத்துக்கொள்ள மாட்டார்.

"குடும்ப விஷயம் அம்மச்சி. ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் ரெண்டு பேரையும் உட்கார வெச்சுப் பேசறேன்."

"பரீட்சை சனிக்கிழமை அச்சா."

"பரீட்சை மறுபடியும் வரும். நீங்க அமைதியா இருந்து ஜெபிங்க."

"அதைப் பண்ணிட்டுத்தான் இங்க வந்து நிக்கறேன்."

அடுத்த வெள்ளிக்கிழமை கூட்டம், அட்டவணைப்படி, ஏலியாம்மா சேடத்தி வீட்டில். உடம்பு சரியில்லை என்று ஏதாவது சொல்லி ஒதுங்கிவிடுவார் என்று நினைத்தேன். அவர் அப்படிப்பட்டவர் இல்லை. காலையிலேயே ஆள் வைத்து நாற்காலி துடைத்தாராம். வழக்கமாக வராதவர்கள்கூட அன்று வந்தார்கள். வேதத்தின்மேல் அவ்வளவு தாகம் எங்கள் ஊரில் நான் பார்த்ததில்லை.

படுத்திருக்கிறவருக்கும் கேட்கட்டும் என்று அந்த வீட்டில் எப்போதும் ஈப்பச்சாயன் அறையில்தான் கூடுவோம். ஜன்னலோரம் கட்டில். தலைமாட்டில் பச்சை இரும்பு அலமாரி. ஈப்பச்சாயன் ஒரு காலத்தில் மர லாரி ஓட்டியவர், வாயைத் திறந்தால் மலை அதிரும். இப்போது அவருக்கு மிச்சமிருப்பது ஒரே சொல். "தா." தண்ணீருக்கும் தா, போர்வைக்கும் தா, மூத்திரச் சட்டிக்கும் தா. எது வேண்டும் என்று ஜின்சிக்கு மட்டும் சரியாகத் தெரியும்.

அவள் சமையலறை வாசலில் நின்றாள். சலவைச் சுடிதார் போட்டிருந்தாள். கதவுக்குப் பின்னால் ஒரு தோள்பை இருந்தது. மேலே குடை செருகியிருந்தது. பாஸ்போர்ட் கிடைக்காது என்று தெரிந்தும் பையைக் கட்டி வைத்திருக்கிறாள். ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்தால்தான் ரான்னியில் எர்ணாகுளம் பஸ் கிடைக்கும், ராத்திரி சிநேகிதி வீட்டில் தங்கிக் காலையில் பரீட்சைக்குப் போகலாம். அந்தப் பையைப் பார்த்த பிறகு எனக்குப் பாடம் நடத்தத் தெம்பில்லை.

பகுதி அதே அதிகாரத்தின் மீதி. சிறையிலிருந்து வெளியே வந்த பேதுரு ஒரு வீட்டுக் கதவைத் தட்டுகிறார். உள்ளே எல்லோரும் அவருக்காகத்தான் ஜெபித்துக்கொண்டிருக்கிறார்கள். வேலைக்காரப் பெண் ஓடிவந்து அவர் வாசலில் நிற்கிறார் என்கிறாள். உனக்குப் பைத்தியம் என்கிறார்கள். கதவு திறக்கவில்லை. வெளியே அவர் தட்டிக்கொண்டே இருக்கிறார். வாசித்து முடித்துப் புத்தகத்தை மூடினேன்.

"விளக்கம் இல்லையா?" என்றார் ஏலியாம்மா சேடத்தி.

"இல்ல சேடத்தி. நேரா ஜெபம்தான்."

எல்லோரும் முழங்கால் போட்டார்கள். கண்ணை மூடினார்கள்.

"கர்த்தாவே, தெக்கேமலை சோசாம்மா பேசுகிறேன்," என்றேன்.

யாரோ மூச்சை இழுத்தார்கள். சட்டம் போட்டவளே மீறுகிறாளே என்று இருந்திருக்கும்.

"போன வெள்ளிக்கிழமை பேர் சொல்லாமல் ஜெபித்தேன். அது மரியாதையால் இல்லை. பேர் சொன்னால் பதில் சொல்ல வேண்டி வரும் என்ற கோழைத்தனத்தால். ஜின்சி என்னிடம் ரகசியமாகச் சொன்னதை நான் எல்லார் முன்னாலும் அழகாகப் பேசி விற்றேன். அது என் பாவம். ஏலியாம்மா சேடத்தியின் பேரையும் சொல்கிறேன். மூன்று பிள்ளைகளை அனுப்பிவிட்டுத் தனியாக நிற்கிறார். நாலு வருஷமாக இந்த வீட்டுக்காக வாரம் தவறாமல் ஜெபித்தோம். பேபிச்சாயன் ஜெபித்தார், வல்சம்மா ஜெபித்தாள், நான் எல்லோரைவிடவும் நீளமாக ஜெபித்தேன். ஒருத்தரும் வந்து ஈப்பச்சாயனை ஒரு தடவை திருப்பிப் போட்டதில்லை. ஜின்சியின் பாஸ்போர்ட் இந்த அலமாரியில் இருக்கிறது. சாவி சேடத்தியின் கழுத்தில் இருக்கிறது. பரீட்சை நாளைக்குக் காலையில்."

சொல்ல வேண்டியது முடிந்துவிட்டது. ஆனால் ஆமென் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆமென் சொன்னால் எல்லோரும் எழுந்துவிடுவார்கள். சாயா வரும், அப்பம் வரும், மழை பெய்யுமா என்று பேசுவார்கள். அதனால் சொல்லவில்லை. அப்படியே முழங்காலில் நின்றேன்.

யாரும் எழ முடியாது. யாரும் குறுக்கே பேச முடியாது. பேபிச்சாயனின் முட்டி ஒரு தடவை சொடக்கியது. வல்சம்மா மூக்கை உறிஞ்சினாள். சமையலறையில் பால் பொங்கி அடுப்பில் வழியும் வாடை வந்தது, ஒருவரும் போகவில்லை. கீழே வளைவில் பஸ் ஹாரன் அடித்தது. மேலே போய்த் திரும்பிவர அதற்குப் பத்து நிமிஷம். இது ஜெபமா மிரட்டலா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். இரண்டும்தான் என்று தோன்றியது. வெட்கமாக இருந்தது, ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

"தா," என்றார் ஈப்பச்சாயன்.

யாரும் அசையவில்லை.

"தா." இந்தத் தடவை பழைய லாரிக்காரரின் சத்தம் அதில் கொஞ்சம் இருந்தது. "தா. தா."

அவர் தண்ணீர் கேட்டாரா, வேறு எதையாவது கேட்டாரா, எனக்குத் தெரியாது. அர்த்தம் தெரிந்த ஒரே ஆள் சமையலறை வாசலில் பேசாமல் நின்றாள். முட்டி தரையில் உரசும் சத்தம் கேட்டது. சங்கிலி கிலுங்கியது. பிறகு பூட்டு திரும்பியது. அந்த அலமாரிக்கு எண்ணெய் போட்டு எத்தனை வருஷமோ, கதவு கத்தியது.

"ஆமென்," என்றேன்.

ஏலியாம்மா சேடத்தி அலமாரி முன்னால் நின்றுகொண்டிருந்தார். கையில் நீலப் புத்தகம். ஜின்சியைப் பார்க்கவில்லை. நேராக என்னிடம் நீட்டினார்.

"இந்தா. உன் வேலைதானே. நீயே டெலிவரி பண்ணு."

வாங்கினேன். முப்பத்திரண்டு வருஷப் பழக்கம், என்னை அறியாமல் முதல் பக்கத்தைத் திருப்பிப் பேரை வாசித்துவிட்டேன். "ஜின்சி தோமஸ்." அவள் வந்து வாங்கிக்கொண்டாள். கையெழுத்து மட்டும்தான் வாங்கவில்லை.

"நாளைக்குக் காலைல இவரைத் திருப்பிப் போடணும்," என்றார் சேடத்தி, யாரையும் பார்க்காமல். "அவ பாஸானா அப்புறம் தினமும் போடணும். யாரு வருவா?"

வந்திருந்தவர்கள் எல்லோரும் அவரவர் வேதப்புத்தகத்தின் அட்டையைப் பார்த்தார்கள்.

"நாளைக்கு நான் வரேன்," என்றேன். அதற்கடுத்த நாளைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

ஜின்சி பையை எடுத்துக்கொண்டு மாமனாரின் போர்வையைச் சரிசெய்தாள். அவர் வாயில் இரண்டு கரண்டி தண்ணீர் விட்டாள். அவர் விழுங்கினார். முற்றத்தில் இறங்கி அவள் பின்னால் ஓடினேன். பஸ் மேலேயிருந்து இறங்கும் சத்தம் கேட்டது.

"மோளே, பயப்படாம எழுது. நாளைக்கு முழுக்க நான் உனக்காக..."

"வேண்டாம் ஆன்ட்டி."

அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். களைப்பு மட்டும்தான் இருந்தது.

"எனக்காக ஜெபிக்காதீங்க. மனசுக்குள்ளகூட வேண்டாம்."

பஸ் நின்றது. ஏறிவிட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குப் போனேன். ஏலியாம்மா சேடத்தி கட்டிலின் அந்தப் பக்கம் நின்றார். தோளுக்குக் கீழே கையைக் கொடு, முட்டிக்கு நடுவே தலையணை வை என்று விரலால் காட்டினார். ஈப்பச்சாயன் மெலிந்த மனுஷன்தான். ஆனாலும் என் இடுப்பு விட்டுப்போயிற்று. எட்டு மணிக்கு மறுபடி திருப்பினோம். இந்த இரண்டு தடவைக்கே எனக்கு மூச்சு வாங்கியது. நாலு வருஷத்துக்கு எத்தனை தடவை என்று கணக்குப் போடத் தொடங்கி விட்டுவிட்டேன்.

சுவர்க் கடிகாரம் ஒன்பது அடித்தது. கொச்சியில் வினாத்தாள் கொடுக்கும் நேரம். சேடத்தி மிளகு வாரப் போயிருந்தார். நான் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் உதடு தானாக அசைந்தது. கர்த்தாவே என்று முதல் வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

அவள் என்னிடம் கேட்டுக்கொண்டது இரண்டே இரண்டு காரியம். முதலாவதை நான் காப்பாற்றவில்லை. இரண்டாவதையாவது காப்பாற்ற வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"தா," என்றார் ஈப்பச்சாயன்.

எதைக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை. தண்ணீர் கொடுத்துப் பார்த்தேன். அதுவல்ல என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.